கொம்பனைத் துரத்திய குரல்

என் குரலைப் பற்றி நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. போன ஏப்ரலோடு அது முடிந்தது. முடித்துவைத்தது ஒரு மான்.

பெயர் சிவசோதி. வயது ஐம்பத்தாறு. வீடு மெல்பேர்னின் மேற்கு ஓரத்தில் வெரிபீயில், வேலை பக்கத்து ட்ருகனினாவில் ஒரு வேர்ஹவுஸில். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். வண்டியில் ஹார்ன் இருக்கிறது, நான் அதை அமத்துவதில்லை. "தள்ளு!" என்று ஒரு சத்தம் போட்டால் வியட்நாம்காரர், பஞ்சாபி, சமோவாக்காரர் எல்லோரும் தமிழ் விளங்கி ஒதுங்குவார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அண்ணருடன் நான் கதைக்கும்போது, போனை வைத்துவிட்டுக் கதைத்தாலும் அவருக்குக் கேட்கும் என்று பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் சொல்வார். அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

நான் 2010இல் படகில் வந்தவன். நடுக்கடலில் இஞ்சின் நின்றுபோனபோது, அறுபது பேரில் யாருக்குக் குரல் பெரிது என்று பார்த்து என்னைத்தான் கத்தச் சொன்னார்கள். தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டு மணித்தியாலத்தில் கடற்படைக் கப்பல் வந்துவிட்டது. அவர்கள் ராடாரில் பார்த்துவிட்டு வந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. அதனால் என்ன? என் சத்தம் கேட்டுத்தான் வந்தார்கள் என்று பதினைந்து வருடமாகச் சொல்லி வருகிறேன். கேட்பவர்கள்தான் சலித்துப் போனார்கள்.

படகில் வந்தவர்களை அடைத்துவைக்கும் முகாமிலிருந்து வெளியே விட்டபோது என்னை வந்து கூட்டிக்கொண்டு போனவன் சுஜீதன், என் மனைவி தாட்சாயினியின் ஒரே தம்பி. அப்போது அவன் படிக்க வந்த பெடியன். ஸ்பிரிங்வேலில் ஒரு வீட்டின் பின்னறையில் இருந்தான். அறைக்கு ஒரு கட்டில். அதை எனக்குத் தந்துவிட்டு எட்டு மாதம் நிலத்தில் படுத்தான். நான் குறட்டையும் பெரிதாகத்தான் விடுவேன். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நாலு வருடம் கழித்துத் தாட்சாயினியும் மகள் தாரிணியும் வந்து சேர்ந்தார்கள். தாரிணியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, சீருடை வாங்கிக் கொடுத்தது, முதல் நாள் வகுப்பு வாசல் வரை கூட்டிப் போனது எல்லாம் அவன்தான். நான் அந்த நேரத்தில் கோழி வெட்டும் தொழிற்சாலையில் இரண்டு ஷிப்ட் செய்துகொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட மனிதனுக்கு நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டுத் துப்ப நினைப்பவர்கள் துப்பலாம்.

தாரிணிக்குக் கல்யாணம் சரிவந்து, மே மாதத்தில் நாள் வைத்தோம். எங்கள் ஆட்களிடம் கல்யாணம் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. கிட்டடிச் சொந்தத்துக்கு அழைப்பிதழை அனுப்பிவைக்கக் கூடாது. வீடு தேடிப் போய், தட்டத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் அழைப்பிதழை வைத்து நீட்ட வேண்டும். கொழும்பிலும் இதுதான், டொரொன்டோவிலும் இதுதான். வீட்டுக்கு வந்து சொல்லவில்லை என்பதற்காக இருபது வருடமாக முகம் பார்க்காத அண்ணன் தம்பிகளை எனக்குத் தெரியும். அந்தத் தட்டங்களில் முதல் தட்டம் மணப்பெண்ணின் தாய்மாமனுக்குரியது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

நான் முதல் தட்டத்தை ஒரு டொக்டருக்குக் கொண்டுபோனேன்.

கிளென் வேவர்லியில் இருக்கும் இதய நிபுணர் அவர். என் இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. கோயில் திருவிழாவில் ஒருமுறை அவருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டேன், அவ்வளவுதான் பழக்கம். ஆனால் கல்யாண மண்டபத்தில் முன்வரிசைக் கதிரையில் அவர் இருந்தால் பார்க்க எப்படி இருக்கும் என்று ஒரு ஆசை. தாட்சாயினி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். அன்று அவளுக்கு ஷிப்ட் இருந்ததால் நான் தனியாகவே வெளிக்கிட்டேன். தட்டத்துக்கு வெற்றிலை வாங்கியது ஸ்பிரிங்வேல் சந்தையில். அங்கிருந்து சுஜீதன் வீடு மூன்று தெரு தள்ளி. வெற்றிலை வாங்கினேன், டொக்டர் வீட்டில் தட்டத்தை நீட்டினேன், தேத்தண்ணி குடித்தேன், நகரத்துப் பெரிய பாலத்தைத் தாண்டி வெரிபீக்கு வந்து சேர்ந்தேன். சுஜீதனுக்கு அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவன் எங்கட ஆள்தானே, அவனுக்கு எதற்கு இதெல்லாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

சந்தையில் நான் வெற்றிலைக்கு விலை பேசியதைச் சுஜீதனின் மனைவி நிரஞ்சினி மரக்கறிக் கடை வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். நான் விலை பேசினால் பார்க்கத் தேவையில்லை, கேட்கும். வெற்றிலை வாங்குகிறார் என்றால் தங்கள் வீட்டுக்குத்தான் என்று நினைத்து அவள் ஓட்டமாக வீட்டுக்குப் போயிருக்கிறாள். வடை சுட்டிருக்கிறாள். இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் நல்ல உடுப்புப் போட்டு, சுஜீதனை வேலையிலிருந்து வேளைக்கே வரச் சொல்லி, நாலு பேரும் பின்னேரம் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இது எனக்கு அப்போது தெரியாது.

சுஜீதன் வாட்ஸ்அப்புக்குப் பதில் போடவில்லை. ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தேன். புத்தியுள்ள மனிதன் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்திருப்பான். நான் எங்கள் குடும்பக் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன். லண்டன், கனடா, யாழ்ப்பாணம் என்று நாற்பத்து மூன்று பேர் இருக்கும் குழு அது. பதிவின் நீளம் நாலு நிமிடம் பதினொரு விநாடி. "டேய் சுஜீதன், நீ என்ன பெரிய ஆளோ? அனுப்பினதுக்கு ஒரு பதில் போடத் தெரியாதோ? உனக்கு மேளம் அடிச்சுச் சொல்லவேணுமோ?" என்று தொடங்கியது. மிச்சத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. திரும்பப் போட்டுக் கேட்டபோது, குரல் நன்றாக விழுந்திருக்கிறது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

பதிலாக ஒரு சொல் வரவில்லை. நிரஞ்சினி குழுவை விட்டு வெளியேறினாள் என்று திரையில் வந்தது. அடுத்தது மூத்த பிள்ளை. அதற்கடுத்தது தகப்பனின் பழைய டாப்லெட் வைத்திருந்த எட்டு வயசுச் சின்னவள். கடைசியாகச் சுஜீதன். நாலும் ஒரு நிமிடத்துக்குள் நடந்தது.

"பாத்தீரோ, பயந்திட்டான்" என்று தாட்சாயினிக்குப் போனைக் காட்டினேன். அவள் குசினிக்குள் போனாள். அன்று கறியில் உப்பு இல்லை.

அதோடு விட்டேனா? அவனுடைய நம்பருக்குத் தனியாக இன்னும் மூன்று பதிவு அனுப்பினேன். ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிய சத்தம். அவன் என் நம்பரை அடைத்துவிட்டான். லண்டனிலிருந்து ஒரு பெரியம்மாவைக்கொண்டு கதைக்க வைத்தேன், அவவின் போனையும் எடுக்கவில்லை. இப்படியே மார்ச் முடிந்தது. அப்போதுதான் தாட்சாயினி வாய் திறந்தாள்.

"இஞ்சேருங்கோ. என்ர தம்பி வராட்டி நானும் மணவறைக்கு வரமாட்டன். கன்னிகாதானத்துக்கு நீங்கள் தனிய நிண்டு குடுங்கோ. உங்கட சத்தம் ரெண்டு பேருக்குக் காணும்."

அவள் சத்தம் போட்டிருந்தால் நான் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். வேலைக்குப் போகும் சப்பாத்தைக் கட்டிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள். ஐந்து வயது வரை அந்தத் தம்பியை இடுப்பிலிருந்து இறக்காத அக்கா அவள் என்று அவர்களுடைய அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். தாரிணி பக்கத்தில் நின்றாள். "மாமா கூட்டிக்கொண்டு போகாட்டி நான் மணவறைக்கு வோக் பண்ணமாட்டன். ஃபிக்ஸ் இட், அப்பா" என்றாள். கல்யாணத்துக்கு ஐந்து கிழமை இருந்தது.

அந்தக் கிழமைதான் கெல்வின் என்னை மான் வேட்டைக்குக் கூப்பிட்டான்.

கெல்வின் எங்கள் வேர்ஹவுஸ் சூப்பர்வைசர். மலேசியத் தமிழன், ஈப்போக்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பாடுவான். மற்ற நாட்களிலும் பாடுகிறவன் மாதிரித்தான் மெதுவாகக் கதைப்பான். மான் வேட்டை அவனுக்குப் பைத்தியம். இரண்டு வருடமாக அமெரிக்க எல்க் வேட்டை வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்க் என்பது குதிரை அளவுக்கு வளரும் மான். அது இங்கே காட்டில் இல்லை. ஆனால் அதன் கிட்டிய சொந்தமான சிவப்பு மான், மெல்பேர்னுக்கு மேற்கே மூன்று மணித்தியாலத் தூரத்தில் கிராம்பியன்ஸ் மலைப்பக்கம் இருக்கிறது. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் அதற்கு இணை சேரும் காலம். கொம்பு வைத்த ஆண்கள் மலைக்கு மலை முழங்கிக்கொண்டிருக்கும். வேட்டைக்காரன் ஒரு குழாயை வாயில் வைத்து அதே மாதிரி முழங்கினால், எவனடா அது என்று பார்க்கக் கொம்பன் வருமாம். கெல்வின் அமெரிக்காவிலிருந்து எல்க் குழாய் ஒன்று வரவழைத்து வைத்திருந்தான். ஊதினால் தேவகானம் வந்தது, முழக்கம் வரவில்லை.

"அண்ணே, உங்க கொரலு எனக்கு வேணும் அண்ணே" என்றான்.

படகுக்குப் பிறகு என் குரல் வேணும் என்று ஒருவன் கேட்டது அதுதான் முதல் தடவை. உடனே அளக்கத் தொடங்கினேன். எங்கள் நாட்டில் வெள்ளைக்காரன் மரை என்ற பெரிய மானுக்கு எல்க் என்றுதான் பெயர் வைத்திருந்தான், ஆகவே எல்க் எங்களுக்குப் புதிதில்லை, அதன் போக்கெல்லாம் எனக்கு அத்துப்படி என்றேன். வெள்ளைக்காரன் பெயர் வைத்தது உண்மை. நான் மரையைக் கண்டது வற்றலாக, குழம்புச் சட்டிக்குள். கெல்வின் அதையும் நம்பி, எனக்கும் சேர்த்து லைசன்ஸுக்கு விண்ணப்பம் போட்டான். துப்பாக்கி அவனிடம், குரல் என்னிடம் என்று ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேராகப் புறப்பட்டோம். வழியெல்லாம் கெல்வின் பாடம் நடத்தினான். "எல்க்கு எல்லாமே ஒரே மாதிரி பதில் சொல்லாது அண்ணே. தனியா சுத்துற ஆம்பள இருக்கான் பாருங்க, அவன் கூப்பிட்டா வருவான். சின்னப் பசங்க சத்தமே போடாம பின்னால வந்து எட்டிப் பார்ப்பானுங்க. பொம்பளைங்கள வச்சிருக்கிற பெரிய ஆளு வேற மாதிரி..." அதற்குமேல் நான் கேட்கவில்லை. யன்னல் பக்கம் திரும்பித் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

தெரிந்த ஒரு விவசாயியின் காணியில், ஆட்டு மயிர் வெட்டுபவர்கள் தங்கும் தகரக் கொட்டகையில் படுத்தோம். விடியற்காலையில் புறப்படும்போது கெல்வின் என் ஜாக்கெட்டை மோந்து பார்த்தான். "என்னா அண்ணே, கோயில் வாசம் வருது?" வெள்ளிக்கிழமைகளில் தாட்சாயினி வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவாள். ஜாக்கெட் சாமி அறைக் கதவுக்குப் பின்னால்தான் தொங்கும். மான் மூக்கால்தான் உலகத்தைப் பார்க்கும் என்று அவன் சொன்னான். திருநீற்றை மட்டும் துடைத்துவிட்டு, காற்று முகத்தில் படுகிற மாதிரி நடந்தால் சமாளிக்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனான்.

பள்ளத்தில் பனி நின்றது. ஓடையைத் தாண்டி எதிர்ச் சரிவில் கொம்பன் முழங்கியது. மாடு கத்துவதுபோலத் தொடங்கி, அடிவயிற்றில் போய் முடியும் சத்தம். என் நெஞ்சு அதிர்ந்தது. இருநோக்கியில் பார்த்தோம். பெரிய கொம்பு, கழுத்து முழுக்கச் சேற்று மயிர், சுற்றிவர ஏழெட்டுப் பெண்மான்கள், இரண்டு குட்டிகள்.

"சத்தம் போடக் கூடாது" என்று கெல்வின் காதுக்குள் சொன்னான். "ஓடை வழியா எறங்கி, காத்துக்கு எதிரா ஏறி, நல்லா கிட்டப் போயிடணும். அப்பறம் நான் பொம்பள மான் மாதிரி சின்னதா ஒரு சத்தம் குடுப்பேன். நான் கை காட்டுனாத்தான் நீங்க. அதுவரைக்கும் வாயே தொறக்காதீங்க, சரியா?"

சரி என்று தலையாட்டினேன். முழுமனதோடுதான் ஆட்டினேன். ஐந்து நிமிடம்கூட இறங்கியிருக்க மாட்டோம், கொம்பன் மறுபடி முழங்கியது. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. என்ன பெரிய சத்தம், இதைவிட நான் போடுவேன் என்று ஏதோ ஒன்று தலைக்கு ஏறியது. கெல்வின் திரும்புவதற்குள் அவன் தோளில் தொங்கிய குழாயை இழுத்து வாயில் வைத்து, பதினைந்து வருடத்துக்கு முன் நடுக்கடலில் கத்தியது மாதிரிக் கத்தினேன்.

மலை திருப்பிச் சொன்னது. கொம்பன் தலையை நிமிர்த்தி ஒரு தரம் பதில் முழங்கியது. "வாறான், வாறான்" என்று கெல்வினின் தோளைப் பிடித்து உலுக்கினேன். கெல்வின் என்னைப் பார்க்காமல் இருநோக்கியை நீட்டினான்.

முதலில் ஒரு கிழட்டுப் பெண்மான் நடக்கத் தொடங்கியது. மேல்பக்கமாக, அவசரமில்லாமல். அதன் பின்னால் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போயின. பிறகு குட்டிகள். ஒரு குட்டி நின்று எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது. கொம்பன் அதன் பின்னால் வந்து, கழுத்தைத் தாழ்த்தி முன்னே தள்ளியது. எல்லாம் உச்சியைத் தாண்டி மறைந்த பிறகு கடைசியாகக் கொம்பன் போனது. திரும்பிப் பார்க்கவில்லை.

"பயந்திட்டானோ?" என்று கேட்டேன்.

"பயமா? அவன் உங்கள ஒரே முட்டுல முடிச்சிருவான்" என்றான் கெல்வின். அவனுக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் மெதுவாகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "கார்ல சொன்னேனே அண்ணே, கேக்கலியா? தனி ஆளா இருந்தா வந்து மோதுவான். குடும்பம் கூட இருக்கு. தூரத்துல எவனோ கத்துறான். சண்டை போட்டு அவனுக்கு என்ன கெடைக்கப் போகுது? புள்ளகுட்டிய கூட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போயிடுவான். எல்க்கும் இப்படித்தான், இதுவும் இப்படித்தான். நீங்க இன்னும் கத்துனா இன்னும் தூரமாப் போவான். நாலு தரம் கத்துனா இந்த மலைக்கே வரமாட்டான்."

நான் ஒரு விழுந்த மரத்தில் உட்கார்ந்தேன். முதலில் தாய். பிறகு பெரிய பிள்ளை. பிறகு சின்னது. கடைசியாகத் தகப்பன். நாலும் ஒரு நிமிடத்துக்குள். போனில் அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, பயந்திட்டான் என்று நான் மனைவிக்குக் காட்டிச் சிரித்தது நினைவுக்கு வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாத அளவுக்கு வெட்கம். எனக்குக் கட்டிலைத் தந்தவனை, அவன் பிள்ளைகளுக்கு முன்னால், நாற்பத்து மூன்று பேர் கேட்க நான் ஏசியிருக்கிறேன்.

கெல்வினிடம் முழுக்கதையும் சொன்னேன். அவன் தேர்மோஸ் மூடியில் கோப்பி ஊற்றித் தந்தான். கதையில் வெற்றிலை வாங்கிய இடத்துக்கு வந்தபோது, "மூணு தெருவா?" என்று மட்டும் கேட்டான். பிறகு நெடுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

பின்னேரம் அவன் மட்டும் சத்தம் கொடுத்தான். மூக்கால் முனகுவது போன்ற சின்னச் சத்தம். கால்மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எங்களுக்குப் பின்னால் ஒரு குச்சி முறிந்தது. ஒற்றைக் கொம்பு முளைத்த இளசு ஒன்று இருபதடி தூரத்தில் வந்து நின்றது. அது எப்போது வந்தது என்றே தெரியாது. கெல்வின் துப்பாக்கியைத் தூக்குவதற்கு முன் காற்று திரும்பியது. அந்த மான் என் ஜாக்கெட்டை ஒருமுறை மோந்தது, தும்மியது, பாய்ந்து ஓடிவிட்டது. வெறுங்கையோடு திரும்பினோம். திங்கட்கிழமை வேலைக்கு வரும்போது புது ஜாக்கெட்டில் வரும்படி சொல்லி என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டான்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே தாட்சாயினியிடம், "ஸ்பிரிங்வேலுக்குப் போவம்" என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. சேலை மாற்றிக்கொண்டு, தட்டத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். பாலத்தைத் தாண்டும்போது, "போன் அடிச்சிட்டுப் போவமோ?" என்றாள்.

"வேண்டாம். சத்தமில்லாமக் கிட்டப் போகவேணும்" என்றேன்.

கெல்வினின் பாடத்தை இந்த முறை ஒழுங்காகக் கேட்டிருந்தேன் அல்லவா, அதனால் காரைச் சுஜீதனின் தெருவில் நிறுத்தாமல் அடுத்த தெருவில் நிறுத்தினேன். இறங்கிக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்றும் பார்த்தேன். தாட்சாயினி என்னை ஏறஇறங்கப் பார்த்தாள். "நான் இறங்கமாட்டன்" என்றாள். "முதல்ல நீங்கள் போய் மன்னிப்புக் கேளுங்கோ. அவன் வா எண்டால்தான் தட்டத்தோட நான் வருவன்."

நடந்துபோய்ப் பெல்லை அமத்தினேன். கதவு திறந்தது. வலைக்கதவை அவன் திறக்கவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் சுஜீதன் நின்றான். நரை விழுந்திருந்தது. எனக்குத் தெரியாமல் அது எப்போது விழுந்தது?

காரில் வரும்போது ஒரு பேச்சுத் தயார் செய்திருந்தேன். வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. ட்ருகனினா முழுக்கக் கேட்கும் என் குரல் எங்கேயோ ஓடி ஒளிந்துகொண்டது.

"சுஜி... பிழை என்னிலதான்" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவன் வலைக்கு இன்னும் கிட்ட வந்தான்.

"அத்தான், நீங்கள் எனக்குத் தட்டம் கொண்டுவரேல்லை எண்டது எனக்கு நொந்ததுதான். அதை நான் விழுங்கியிருப்பன். என்னைத் தனியக் கூப்பிட்டுப் பேசியிருந்தாலும் நிண்டு கேட்டிருப்பன். அண்டைக்கு நீங்கள் பேசினதை, போனை மேசையில வைச்சுப் பிள்ளையள்தான் முதல்ல போட்டவை. மாமா கல்யாணத்துக்கு ஏதோ சொல்லுறார் எண்டு ஆசையாப் போட்டவை. நாலு நிமிசமும் கேட்டவை. சின்னவள், மாமா ஏன் அப்பாவைப் பேசுறார் எண்டு கேட்டு அழுதவள். பிறகு நான் எப்பிடி அந்த இடத்தில பிள்ளையளை வைச்சிருக்கிறது?"

"தெரியும்" என்றேன். தெரியும் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? ஒரு நாளைக்கு முன்னால்தான் தெரிந்தது, அதுவும் ஒரு மான் சொல்லி.

"மன்னிச்சுக்கொள்ளடா. இனி அப்பிடி நடவாது" என்றேன்.

"எனக்குக் கேக்குது" என்றான் சுஜீதன். "உள்ளுக்கு இருக்கிறவைக்குக் கேக்கேல்லை. பேசினதை அவை கேட்டவை. இதையும் அவை கேக்கவேணும். உங்களுக்குத்தான் சத்தம் இருக்கே. சொல்லுங்கோ."

இதைக் கெல்வின் சொல்லித் தரவில்லை. எந்த மானும் எந்த வேட்டைக்காரனையும் இப்படிக் கேட்டிருக்காது. நான் வலைக்கதவைப் பிடித்துக்கொண்டேன். மூச்சை இழுத்தேன்.

"நிரஞ்சினி! பிள்ளையள்! மாமா செய்தது பிழை! உங்கட அப்பாவை எல்லாருக்கும் முன்னால பேசினது பெரிய பிழை! அவர் எனக்குத் தன்ர கட்டிலைத் தந்திட்டு எட்டு மாசம் நிலத்தில படுத்தவர்! அவர் இல்லாட்டி நான் இல்லை! வெற்றிலை முதல் உங்கட வீட்டுக்குத்தான் வந்திருக்கவேணும்! மாமாவை மன்னிச்சுக்கொள்ளுங்கோ!"

எதிர் வீட்டில் நாய் குரைத்தது. புல் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் இயந்திரத்தை நிறுத்தினார். கட்டில் என்று சொன்ன இடத்தில் என் குரல் உடைந்துபோனது. மிச்சத்தை உடைந்த குரலில்தான் கத்தினேன், அப்படியும் இரண்டு தெரு கேட்டிருக்கும். என் மூக்குக்கண்ணாடி நனைந்து ஒன்றும் தெரியவில்லை.

பிறகு சுஜீதன் வலைக்கதவின் கொளுக்கியைத் தட்டித் திறந்தான்.

"அக்கா எங்க?"

"காருக்குள்ள."

"கார் எங்க?"

"அடுத்த தெருவில."

"ஏன் அடுத்த தெருவில?"

காற்றைப் பற்றி அவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியாமல் நின்றேன். அவன் காத்திருக்கவில்லை. ஒரு காலில் செருப்போடும் மறு காலில் இல்லாமலும் என்னைத் தாண்டிப் படியிறங்கி, "அக்கா!" என்று கத்திக்கொண்டு தெருவில் ஓடினான். நாற்பத்தொரு வயது மனிதன். அந்தக் குரல் என்னுடையதைவிடப் பெரிது.

நான் வாசலில் நின்று கண்ணாடியைத் துடைத்தேன். மாட்டிக்கொண்டபோது, திறந்திருந்த வலைக்கதவுக்கு அந்தப் பக்கம் சின்னவள் நின்றாள். ஒரு கையால் கதவு விளிம்பைப் பிடித்திருந்தாள். இன்னும் கிட்ட வரவில்லை.

"மாமா, யூ கேன் கம் இன்" என்றாள். பிறகு யோசித்துவிட்டு, "பட் நோ ஷவுட்டிங்" என்றாள்.

ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. தலையை ஆட்டிக் காட்டினேன்.